கூண்டு எண் 9: செவலையின் குணத்தை எழுதியதும் திருத்தி எழுதியதும்

2024 புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கம் இருக்கும் எங்கள் காப்பகத்தின் கம்பிக் கதவில் ஒரு நாய் கட்டிக் கிடந்தது. கழுத்தில் நைலான் கயிறு இரண்டு சுற்று. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணம், அதில் காய்ந்துபோன தயிர்ச்சோறு. கட்டிவிட்டுப் போனவர்கள் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை.

செவலை நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட முகம், உயரமான கால்கள். சிப்பிப்பாறைக் கலப்பாக இருக்க வேண்டும். ஆண். பல்லைப் பார்த்துவிட்டு மூன்று வயது இருக்கும் என்றார் டாக்டர். எடை 17 கிலோ. காதில் வெட்டு இல்லை. கருத்தடை செய்து திரும்ப விடப்பட்ட தெரு நாய் என்றால் காதில் அந்த அடையாளம் இருக்கும். கயிறும் கிண்ணமும் சேர்த்துப் பார்த்தால், இது வீட்டில் வளர்ந்த நாய். எந்த வீடு, ஏன் விட்டார்கள், குழந்தைகளோடு பழகியதா, யாரையாவது கடித்ததா, ஒன்றும் தெரியாது. செவலை என்றே பெயர் வைத்து 9-ஆம் எண் கூண்டில் விட்டோம்.

நான் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குப் போய், தத்து கொடுப்பதற்கு முன் நாய்களின் குணத்தை மதிப்பிட்டுப் படிவம் நிரப்புகிறேன். செவலையின் படிவத்தில் நான் எழுதிய ஒரு வார்த்தை அவனை ஆறு வாரம் கூண்டுக்குள்ளேயே வைத்துவிட்டது. அது எப்படி நடந்தது, எப்படித் திருத்தினோம், திருத்திய பிறகும் எங்கே சறுக்கியது என்று முழுவதையும் எழுதி வைக்கிறேன். இதே வேலையைச் செய்பவர்கள் நம் பக்கத்தில் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு இது வேண்டும்.

முதல் மதிப்பீடு

எங்களிடம் இருந்த படிவத்தின் மூலம் அமெரிக்கா. சூ ஸ்டெர்ன்பெர்க்கின் ‘அசெஸ்-எ-பெட்’, எமிலி வெய்ஸ் உருவாக்கிய ‘சேஃபர்’ என்று அங்கே சில முறைகள் நீண்ட காலம் புழக்கத்தில் இருந்தன. விவரங்களில் வித்தியாசம் உண்டு, அடிப்படை ஒன்றுதான். பழக்கமில்லாத ஓர் ஆள் நாயை நேராகப் பார்க்க வேண்டும், முதுகைத் தடவ வேண்டும், பாதத்தைப் பிடிக்க வேண்டும், விளையாடக் கூப்பிட வேண்டும், அது சாப்பிடும்போது கிண்ணத்தை இழுக்க வேண்டும், இன்னொரு நாயைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாய் என்ன செய்தது என்று குறிக்க வேண்டும். கிண்ணத்தை இழுக்கும்போது சோதிப்பவர் கடிபடாமல் இருக்க, குச்சியின் நுனியில் ரப்பர் கை பொருத்திய ஒரு சாதனம் வைத்திருப்பார்கள். எங்களிடம் அது இல்லை. ரப்பர் கையுறைக்குள் பஞ்சை அடைத்து ஓர் ஒட்டடைக்கம்பின் நுனியில் கட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை வந்த நாயை ஞாயிற்றுக்கிழமை காலை சோதித்தேன். நான் வருவது அன்றைக்குத்தான், அதனால் அன்றைக்கே செய்தேன். வேறு காரணம் இல்லை.

முதல் நான்கு படிகளில் செவலை எதுவுமே செய்யவில்லை. பார்த்தேன், நின்றான். தடவினேன், நின்றான். பாதத்தைத் தூக்கினேன், தூக்கக் கொடுத்துவிட்டு நின்றான். நான்கு கட்டத்திலும் ‘அமைதி’ என்று எழுதினேன். அப்புறம் சோற்றையும் வேகவைத்த கோழித்தலையையும் கிண்ணத்தில் போட்டு, அவன் வாய் வைத்ததும் கம்பை நீட்டினேன். உடம்பு விறைத்தது. உறுமினான். கையுறை கிண்ணத்தைத் தொடுவதற்குள் அதைக் கவ்விப் பிய்த்துவிட்டான். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை நீட்டினேன், மறுபடியும் கவ்வினான். கீழே விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்தபோது சுவரோடு ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டினான்.

‘உணவைக் காக்கிறது. கடிக்கும்.’ ‘கடிக்கும்’ என்பதைச் சிவப்பு மையில் எழுதினேன். அது அப்படியே கூண்டின் அட்டைக்கும் போனது.

இந்தச் சோதனையில் என்னென்ன தவறு என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது. முதலாவது, நேரம். காப்பகத்துக்கு வந்த நாய்களின் உடலில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் முதல் மூன்று நாள் வரை மிக அதிகமாக இருக்கும் என்று மைக்கேல் ஹென்னெஸ்ஸியும் உடன் பணியாற்றியவர்களும் 1997-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். செவலை வந்து முப்பது மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்துக் கூண்டுகளில் நாற்பது நாய்கள் குரைக்கின்றன. தெரிந்த மனிதர் ஒருவர் இல்லை, தெரிந்த வாசனை அந்தக் கிண்ணத்தில் மட்டும்தான். அந்த நிலையில் நான் பார்த்தது அவன் குணத்தை என்று எப்படிச் சொல்வது? பரீட்சைக்கு முதல் நாள் வீட்டில் இழவு விழுந்த பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்து ‘மக்கு’ என்று எழுத எந்த ஆசிரியருக்கும் மனசு வராது.

இரண்டாவது, குனிந்தது. நம் ஊர்த் தெருவில் நாய்க்கு முன்னால் மனிதர் குனிந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: கல்லெடுக்கிறார். கல் கையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சும்மா குனிந்தாலே போதும், பத்து நாய்கள் பத்துத் திசையில் ஓடும். வேட்டியை மடித்துக் கட்டக் குனிகிறவரைப் பார்த்து ஓடும் நாயை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேறொரு நாட்டுப் படிவத்தில் ‘நாயின் மேல் குனியவும்’ என்று இருந்தால், அங்கே அது ஒரு சாதாரண அசைவு. மேலமாசி வீதியில் அது மிரட்டல். கேள்வியே மாறிப்போய்விட்ட பிறகு பதிலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

மூன்றாவது தவறு அந்தக் கம்பு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அட்டை செய்த வேலை

காப்பகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘கடிக்குமா?’ என்பதுதான். 9-ஆம் கூண்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை, பதில் வெளியிலேயே தொங்கியது. படித்துவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனார்கள்.

பார்க்க வந்தவர்கள் மட்டும் இல்லை, நாங்களும் அப்படித்தான் ஆனோம். கிண்ணத்தைக் கையால் வைக்காமல் துடைப்பத்தால் தள்ளிவிட்டோம். கூண்டு கழுவும்போது கம்பியால் ஓரமாக ஒதுக்கினோம். ஆக அவனுக்கு ஒவ்வொரு வேளைச் சோறும் ஒரு கம்போடு சேர்ந்தே வந்தது. மூன்றாவது வாரத்தில் கிண்ணத்தின் சத்தம் கேட்டதுமே உறுமத் தொடங்கினான். ‘பார்த்தீங்களா, சரியாத்தான் எழுதியிருக்கு’ என்று பேசிக்கொண்டோம். அந்த உறுமலை நாங்கள்தான் தினம் இரண்டு வேளை பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

தீபாவளி அக்டோபர் 31. நான்கு நாள் முன்பிருந்தே வெடிச்சத்தம். மற்ற நாய்களின் பக்கத்தில் ஆளுக்கொருவர் உட்கார்ந்தோம், சிலவற்றை அலுவலக அறைக்குள் கொண்டுபோய் மின்விசிறியை வேகமாக ஓடவிட்டோம். செவலையின் கூண்டுக்குள் யாரும் போகவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் கதவின் கீழ்க்கம்பியைச் சுரண்டிச் சுரண்டி நகங்கள் பிய்ந்திருந்தன. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட தெரு நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றும், ரேபிஸ் உள்ளவை, ரேபிஸ் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவை, ஆக்ரோஷமாக நடந்துகொள்பவை ஆகியவற்றுக்கு மட்டும் அது பொருந்தாது என்றும் உத்தரவிட்டது. ரேபிஸைச் சொல்ல மருத்துவம் இருக்கிறது. ‘ஆக்ரோஷம்’ என்பதை யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில் பார்த்துவிட்டுத்தான் எழுதப்போகிறார். கூண்டு எண் 9-இல் நான் எழுதியதைப் போல. அதனால்தான் இந்தக் கதையை ஒரு காப்பகத்துக்குள் நடந்த சின்ன விஷயமாக என்னால் விட முடியவில்லை.

கணக்கு

கேரி பட்ரோனெக், ஜானிஸ் பிராட்லி என்ற இருவர் 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். காப்பகங்களில் நடக்கும் இந்தக் குணச் சோதனைகள் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவை இல்லை என்பதுதான் தலைப்பின் சாரம். கோபத்தில் சொன்னது இல்லை, கணக்குப் போட்டுச் சொன்னது. அதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

ஒரு பேச்சுக்கு 100 நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே ஆபத்தானவை 10. நம் சோதனை ஓரளவு நல்ல சோதனை: ஆபத்தான பத்தில் எட்டைச் சரியாகப் பிடிக்கிறது, ஆபத்தில்லாத நாய்களில் ஐந்தில் ஒன்றை மட்டும் தப்பாகப் பிடிக்கிறது. மீதி 90 நாய்களில் ஐந்தில் ஒன்று என்றால் 18. இப்போது ‘கடிக்கும்’ என்று அட்டை தொங்கும் கூண்டுகள் 26. அவற்றில் 18 கூண்டுகளில் இருப்பது ஒரு பாவமும் அறியாத நாய். இரண்டு ஆபத்தான நாய்கள் ‘சாது’ என்ற பெயரோடு வீட்டுக்குப் போய்விட்டன. ஆபத்தான நாய்கள் குறைவாக இருக்க இருக்க இந்தத் தவறு கூடிக்கொண்டேதான் போகும், சோதிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

கிண்ணச் சோதனையைப் பற்றித் தனியாகவே ஆய்வு இருக்கிறது. எமி மார்டரும் குழுவினரும் 2013-இல் வெளியிட்டது. காப்பகத்தில் சோற்றுக்கு உறுமிய நாய்களில் ஏறக்குறைய பாதிதான் வீட்டுக்குப் போன பிறகும் உறுமின. காப்பகத்தில் உறுமாத நாய்களிலும் சில வீட்டில் உறுமின. 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஒன்பது காப்பகங்கள் அந்தச் சோதனையையே நிறுத்திப் பார்த்தன. கடிபட்டவர்களோ, திருப்பிக் கொண்டுவந்தவர்களோ அதனால் கூடிவிடவில்லை.

அந்தக் கையுறைக் கம்பை இதைப் படித்த பிறகு நான் தொடவில்லை.

தவறாகப் போனது இன்னொரு பக்கமும் உண்டு. அதே மாதம் வெள்ளச்சி என்ற பெண் நாயைச் சோதித்தேன். எட்டுப் படியிலும் அசையாமல் படுத்திருந்தாள், காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருந்தாள். ‘மிகவும் சாது, சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது’ என்று எழுதினேன். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா. டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்தோம். மூன்றாவது வாரம் எழுந்து நின்றவள் வேறு நாய்! ஆள் உயரத்துக்குத் தாவுகிறாள், செருப்பு, பைப், துவைத்துப் போட்ட துணி எதையும் விடுவதில்லை. நல்ல நாய்தான், ஆனால் இரண்டு வயதுக் குழந்தையை ஒரே தாவில் கீழே தள்ளிவிடுவாள். நோயில் கிடந்ததை நான் சாதுவான குணம் என்று எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து டாக்டர் பார்க்காத நாயின் படிவத்தில் நாங்கள் பேனா வைப்பதில்லை. வலி இருக்கும் நாய் உறுமும், காய்ச்சல் இருக்கும் நாய் அடங்கிக் கிடக்கும், இரண்டையும் குணம் என்று எழுதக் கூடாது.

வீடியோ

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு. தன்னார்வலராக வரும் ஒரு கல்லூரி மாணவர் முதல் மதிப்பீட்டைத் தன் போனில் எடுத்து வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று அதை ஓடவிட்டோம். வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோதுதான் நான் ‘அமைதி’ என்று எழுதிய நான்கு படிகளும் என்ன என்று தெரிந்தது.

நான் நேராகப் பார்த்தபோது அவன் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நாக்கால் மூக்கை நக்குகிறான். தடவும்போது வாய் இறுக மூடியிருக்கிறது, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. பாதத்தைத் தூக்கியபோது கொட்டாவி விடுகிறான். நான் குனிந்து படிவத்தில் எழுதும் நேரத்தில் உடம்பை ஒரு உதறு உதறுகிறான். வால் நான்கு படியிலும் காலிடுக்கில். நாய்கள் ‘என்னை விட்டுவிடு’ என்று சொல்லும் விதங்கள் இவை, வரிசையாகச் சொல்லியிருக்கிறான். அசையாமல் நின்றது அமைதி இல்லை, பயத்தில் உறைந்து நின்றது. ஐந்தாவதாகத்தான் உறுமினான். அதையும் தாண்டி நான் கம்பை நீட்டினேன், கவ்வினான்.

இன்னொன்றும் தெரிந்தது. கம்பு திரைக்குள் வந்த நொடியில் அவன் கிண்ணத்தை விட்டுவிட்டு நிமிர்கிறான். பார்வை கம்பின் நுனியிலேயே இருக்கிறது. சோற்றைக் காக்கும் நாய் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்துகொள்ளும், வேகவேகமாக விழுங்கும். இவன் சோற்றை மறந்தே போய்விட்டான்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, சமையலும் கூண்டு கழுவுவதும் அவர்தான், சொன்னார்: “நாந்தேன் அன்னைக்கே சொன்னேனே டீச்சர். இவென் கையப் பாத்து உறுமல. கம்பப் பாத்துத்தேன் உறுமுறான். நான் வெறுங்கையோட உள்ள போனா என் மடியில தலைய வச்சுப் படுத்துக்கிறான்.”

சொல்லியிருக்கிறார். எனக்கும் நினைவு வந்தது. தினமும் இரண்டு வேளை அவனோடு இருக்கும் ஒருவர் பார்த்ததை எழுத எங்கள் படிவத்தில் இடம் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை வரும் நான் இருபது நிமிடம் பார்த்ததற்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன.

இரண்டாவது மதிப்பீடு

அட்டையை அன்றே கழற்றினோம். துடைப்பமும் கம்பியும் 9-ஆம் கூண்டுக்குள் போகக் கூடாது என்று முடிவானது. நகக் காயம் ஆறும் வரை சோதனை என்று எதுவும் செய்யவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாகப் போட்டோம். அவ்வளவுதான்.

அதன் பிறகு பத்து நாளில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நேரங்களில், ஒரு நாளைக்கு ஒன்று என்று பார்த்தோம். சோற்றுக் கிண்ணத்தை இழுக்கவில்லை. பக்கத்தில் நடந்து போகும்போது கிண்ணத்தில் அதைவிட நல்லதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போனோம். நான்காவது முறை நாங்கள் வருவதைப் பார்த்து வாலாட்டினான். வேட்டி கட்டிய ஒருவரைப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று குனிந்து நிமிரச் சொன்னோம். மூலைக்குப் போனான், உறுமவில்லை, அரை நிமிடத்தில் திரும்பி வந்தான். எவ்வளவு பயந்தான் என்பதோடு எவ்வளவு நேரத்தில் தேறினான் என்பதையும் எழுதத் தொடங்கியது அன்றுதான். எனக்கு இப்போது இரண்டாவதுதான் பெரிய தகவல்.

மற்ற நாய்களோடு எப்படி என்று பார்க்க, கூண்டுக் கம்பிக்கு இரு பக்கமும் நிறுத்தாமல், கண்மாய்க் கரையில் இருபது அடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்தினோம். போகப் போக இடைவெளி தானாகக் குறைந்தது. குழந்தை பொம்மையை நீட்டிப் பார்க்கும் படியை விட்டுவிட்டேன், பொம்மையிடம் நாய் செய்வதை வைத்துப் பிள்ளையிடம் என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கரைக்குக் கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடத்துக்கு எட்ட நின்று பார்த்தோம். பையன்கள் கத்தினால் காதைத் திருப்பினான், உடம்பு தளர்வாகவே இருந்தது. மட்டையை ஓங்கியபோது மட்டும் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு நாள் நாங்கள் திட்டமிடாத சோதனை ஒன்றும் நடந்தது. ரோட்டில் சாவு ஊர்வலம், கொட்டும் வேட்டுமாகப் போனது. அன்று இரண்டு மணி நேரம் நடுங்கினான். இதையும் எழுதினோம்.

கடைசியாக, ஒரு வெள்ளி மாலை என் வீட்டுக்கு அழைத்துவந்து ஞாயிறு வரை வைத்துக்கொண்டேன். காப்பகத்தில் இருக்கும் நாயை ஓரிரண்டு இரவு வீட்டுக்குக் கூட்டிப் போனாலே அந்தக் கார்ட்டிசால் இறங்குகிறது என்று லிசா குண்டரும் குழுவினரும் அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை வைத்து 2019-இல் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அளக்கக் கருவி இல்லை. ஆனால் முதல் இரவு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தவன் இரண்டாவது இரவு ஹாலில் மல்லாந்து படுத்துத் தூங்கினான். கேஸ் சிலிண்டர் மேல் ஒரு தரம் காலைத் தூக்கினான். என் அப்பா ஊன்றுகோலோடு அறைக்குள் வந்தபோது அப்படியே தரையோடு ஒட்டிப்போய் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அப்பா பதறிப்போய்க் கோலைத் தரையில் படுக்கப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கோலைச் சுற்றி ஈரலைப் போட்டு வைத்தோம். ஞாயிறு மதியம் அதைத் தாண்டி நடந்தான்.

புதிய படிவத்தில் ‘கடிக்கும்’, ‘கடிக்காது’ என்ற இரண்டு வார்த்தைகளும் இல்லை. பார்த்தது, எங்கே, யார் இருந்தார்கள், அதற்கு முந்தின நொடி என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் தேறினான். அப்புறம், நாங்கள் பார்க்காதவை: ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைகள், பூனை, லிஃப்ட்.

வீடு

மூன்று பேர் கேட்டார்கள். பை-பாஸ் ரோட்டில் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு தம்பதி, நான்கு வயதுப் பிள்ளை உண்டு. நாட்டு நாய் அழகில் ஆசைப்பட்டு வந்தார்கள். அவ்வளவு சின்னப் பிள்ளையோடு செவலையை நாங்கள் பார்த்ததில்லை என்று சொன்னோம். கையில் எதையாவது எடுத்து ஓங்கி விளையாடும் வயது அது. வேறொரு நாயைக் காட்டினோம், அழைத்துப் போனார்கள். அலங்காநல்லூர்ப் பக்கத்தில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் காவலுக்குக் கேட்டார். பகல் முழுக்கச் சங்கிலி, தோட்டத்தில் எல்லார் கையிலும் கம்பு. கொடுக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனார், பரவாயில்லை.

மூன்றாவது, திருப்பரங்குன்றத்தில் தனி வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி. கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஒன்பது வயதுப் பேரன் கோடை விடுமுறைக்கு மட்டும் வருவான். மூன்று ஞாயிறு வந்து செவலையோடு கரையில் நடந்தார்கள். டிசம்பர் 22 அன்று அனுப்பினோம்.

கையில் ஒரு தாள் கொடுத்தோம். முதல் சில வாரம் கழுத்துப் பட்டையோடு உடம்புப் பட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு கட்டுங்கள், புது வீட்டில் பெரிய ஆபத்து ஓடிப்போவதுதான். சாப்பிடும்போது தனியாக விடுங்கள். வேட்டுச் சத்தம் வந்தால் உள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். உறுமினால் அதட்டாதீர்கள், விலகிக்கொள்ளுங்கள், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாம். ‘தடியைக் கண்டால் பயப்படுவான், அவன் முன்னால் தடி எடுக்க வேண்டாம்.’

நான்காம் நாள் போன் வந்தது, சாப்பிடவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறான் என்று. பொறுங்கள் என்றோம். ஒரு வாரத்தில் வெளியே வந்தான்.

சரியாக மூன்று வாரம் கழித்து, போகிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மறுபடி போன். அந்த வீட்டு அம்மாவின் குரல் நடுங்கியது. போகிக்காக ஒட்டடை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். செவலை மேசைக்கு அடியில் படுத்திருந்ததைக் கவனிக்கவில்லை. கம்பு மேசைப் பக்கம் இறங்கியபோது அதைக் கவ்வினான், பல் அவர் மணிக்கட்டில் உரசிவிட்டது. தோல் சிராய்த்திருந்தது, இரத்தம் வரவில்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொன்னேன். செவலைக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தும், அன்றே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டார். தொடர்ந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும். பத்து நாள் அவனைக் கண்காணித்தோம்.

மாலையில் நான் நேரில் போனபோது கொடுத்த தாளை எடுத்து வந்து வைத்தார். “தடின்னு போட்டிருந்தீங்க டீச்சர். தடின்னா அடிக்கிற தடின்னு நெனச்சேன். ஒட்டடைக்கம்பு தடியா?”

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. முதல் நாள் நான் அவன் முகத்துக்கு நேரே நீட்டியது ஒட்டடைக்கம்புதான். என் குறிப்பில், வீடியோவில் எல்லாம் அது இருக்கிறது. தாளில் எழுதும்போது அதைச் சுருக்கித் ‘தடி’ என்று ஆக்கிவிட்டேன். பார்த்ததை எழுத வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, நானே பார்த்ததை விட்டுவிட்டு வேறு வார்த்தையைப் போட்டிருக்கிறேன். அதற்கு விலை அந்த அம்மாவின் மணிக்கட்டு.

திருப்பி அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். அவர், “அவனும்தான் பயந்துட்டான். மத்தியானத்துல இருந்து தண்ணிகூடக் குடிக்கல. போய்ப் பாருங்க” என்றார்.

தாளை அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஒட்டடைக்கம்பு, துடைப்பம், மாப்பு, மடக்கிய குடை, ஊன்றுகோல், கொடிக்கம்பு, கிரிக்கெட் மட்டை, மாங்காய் பறிக்கும் தொரட்டி. அந்த வீட்டில் நீளமாக என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது தத்து கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுத்தான் அந்தப் பகுதியை நிரப்புகிறோம். கூண்டு கழுவும் அக்காவுக்கென்று படிவத்தில் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அவர் சொல்கிறார், மாணவர் எழுதுகிறார்.

மே மாதம் பேரன் வந்தான். மட்டையை வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்று தாத்தா சொல்லிவிட்டாராம். இரண்டு வாரம் கழித்து நான் போயிருந்தபோது மட்டை திண்ணையில் கிடந்தது. அதன் பக்கத்தில் தரையில் பிஸ்கட் தூள் இறைந்திருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். பையன் செவலையின் காதைத் தடவிக்கொண்டே, “நாந்தான். உங்க பேப்பர்ல இருந்துச்சே” என்றான்.